பால் பிடிக்கும் முன்னே

நெற்பயிரின் தலையெழுத்து எழுதப்படும் அந்த ஐந்து நாட்கள்

வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலில் நெற்பூ திறக்கும். பூ என்று பெயர்தான். இதழ் கிடையாது, மணம் கிடையாது, தேனும் கிடையாது. இரண்டு உமிகள் விலகி, ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். அவ்வளவுதான் அலங்காரம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மறுபடி மூடிக்கொள்ளும். உதிர்ந்த மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்கள். அதற்குள் சூல்முடியில் ஒட்டிக்கொண்டாக வேண்டும். பெரும்பாலும் அதே பூவின் மகரந்தமே அந்த வேலையை முடித்துவிடுகிறது.

இந்த நேரத்தின் அருமை விவசாயிக்குத் தெரியும். பூக்கும் பருவத்தில் முற்பகலில் மருந்தடிக்கத் தயங்குவார்கள். மழை அடித்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்ப்பார்கள். பூத்து முடிந்துவிட்டால் அடுத்த விசாரிப்பு "பால் பிடிச்சிருக்கா?" என்பதுதான். மணியை நகத்தால் கிள்ளி, வெள்ளையாகக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பூவுக்கும் பாலுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வாரம் இருக்கிறது. அந்த வாரத்தைப் பற்றி வரப்பில் பேச்சு எழுவதில்லை. வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் இல்லை. பச்சை உமி பச்சையாகவே நிற்கிறது.

ஆனால் மணி எவ்வளவு பெருக்கும், எவ்வளவு மாவைக் கொள்ளும், வெக்கையைத் தாங்குமா, பதராகுமா என்பதில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் முடிவாகிறது. எந்த மரபணு எந்த மணி நேரத்தில் விழிக்கிறது, எது தாய் வழி வந்தது, எது தந்தை வழி வந்தது என்பதைப் பொறுத்த முடிவு அது. பால் பிடிப்பது அந்த முடிவை நிறைவேற்றும் வேலை மட்டுமே. இதைக் கண்டறியப் போன ஆய்வு, யாரும் எதிர்பாராத வேறொரு வாசலையும் திறந்துவிட்டது. வீரிய ஒட்டு நெல்லின் விதையை விவசாயி தானே எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியும் என்ற நிலைக்கு அது வந்து நிற்கிறது.

ஒரே பூவில் இரண்டு கருவுறுதல்

சூல்முடியில் விழுந்த மகரந்தத் துகள் சில நிமிடங்களில் முளைத்து, உள்ளே ஒரு குழலை இறக்குகிறது. அது சூலை எட்ட ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. குழல் சுமந்து வருவது இரண்டு ஆண் செல்களை. ஒன்று அண்ட செல்லோடு சேர்ந்து கருவாகிறது. நாளைக்கு முளைக்கப்போகும் நாற்று அதுதான். மற்றது பக்கத்திலிருக்கும் மைய செல்லோடு சேர்கிறது. அந்த மைய செல்லில் ஏற்கெனவே தாயின் உட்கருக்கள் இரண்டு இருக்கின்றன. தந்தையுடைய ஒன்றும் வந்து சேர, மூன்று பங்கு குரோமோசோம்களோடு கருவூண் என்ற திசு பிறக்கிறது.

1898-ல் கீவ் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் லில்லிக் குடும்பப் பூக்களில் இதைக் கண்டு சொன்னார். அடுத்த ஆண்டே பிரான்சின் லியோன் கினியார் தனியாக ஆராய்ந்து அதையே சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு கருவுறுதல் என்ற இந்த ஏற்பாடு பூக்கும் தாவரங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

நம் தட்டில் விழும் வெள்ளைச் சோறு முழுக்க முழுக்கக் கருவூண்தான். அரவை மில்லில் முதலில் உமி கழன்று போகிறது; அது தாய்ச்செடியின் உறுப்பு. பிறகு தவிடு. அதன் வெளித்தோல்கள் தாயுடையவை, உள்ளடுக்கு கருவூணைச் சேர்ந்தது. முனையில் ஒட்டியிருக்கும் கரு தவிட்டோடு உடைந்து போய்விடுகிறது. தீட்டிய அரிசியின் ஒரு மூலையில் தெரியும் சின்னப் பள்ளம் அது இருந்த இடம். மிச்சமிருப்பது தாய்க்கு இரண்டு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் உருவாகி, கருவுக்குத் தீனி போடுவதைத் தவிர வேறு எதிர்காலமே இல்லாத திசு. கோதுமை மைதா, மக்காச்சோள மாவு எல்லாம் இந்த வகைதான். பயறு வகைகளின் கதை வேறு. அங்கே வளரும் கரு கருவூணை முன்கூட்டியே தின்று தீர்த்துவிடுகிறது. துவரம்பருப்பிலும் உளுந்திலும் நாம் உண்பது கருவின் விதையிலைகளை.

சுவர் எழும்பும் நாள்

கருவுற்ற சில மணி நேரத்திலேயே கருவூணின் உட்கரு பிரியத் தொடங்குகிறது. வழக்கமாக ஓர் உட்கரு இரண்டானால் நடுவே செல்சுவர் எழும்பும். இங்கே எழும்பாது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஒரே பெரிய செல்லுக்குள் சுவரில்லாமல் கிடக்கும். இந்த நிலையைக் கண்ணால் பார்க்க, ஏன், குடித்தே பார்க்க வேண்டுமென்றால் இளநீர் போதும். இளநீர் என்பது சுவர் எழும்பாத கருவூண்; வழுக்கையும் தேங்காய்ப் பருப்பும் சுவர் எழும்பிய கருவூண். தென்னை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேலையை நெல் சில நாட்களில் முடிக்கிறது.

நெல்லில் மூன்றாம் நாள் வாக்கில் சுவர்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி எழும்புகின்றன. ஐந்தாம் நாளுக்குள் நடுப்பகுதியும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஒன்பது, பத்து நாள் வரை செல்கள் பிரிகின்றன, ஆனால் வேகம் தணிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு மூன்று வாரங்கள் பெரும்பாலும் மாவு சேரும் காலம்.

சூட்சுமம் அந்தச் சுவர் எழும்பும் நேரத்தில்தான் இருக்கிறது. முன்கூட்டியே எழும்பினால் அதுவரை பிரிந்த உட்கருக்கள் குறைவு, ஆகவே செல்கள் குறைவு, மாவுக்கு இடம் குறைவு, மணி சிறுத்துப்போகும். கொஞ்சம் தள்ளிப் போனால் மணி பெருக்க வாய்ப்புண்டு. ஒரேயடியாகத் தள்ளிப் போனால் சுவரே எழும்பாமல் கருவூண் அழிந்து, உள்ளிருக்கும் கருவும் பட்டினியில் சாகும். உமியின் அளவும் ஒரு கட்டுப்பாடுதான். ஜி.எஸ்.3, ஜி.டபிள்யூ.2 என்று பெயரிடப்பட்ட மரபணுக்கள் உமியின் நீளத்தையும் அகலத்தையும் நிர்ணயிக்கின்றன. அந்த உமியை மீறி மணி வளர முடியாது. ஆனால் உமிக்குள் இருக்கும் இடத்தை முழுக்க நிரப்புவதா, பாதியில் விடுவதா என்பது கருவூணின் கையில் இருக்கிறது.

ஒரே கதிரிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். கதிரின் நுனிப்பக்கக் கிளைகள் முதலில் பூக்கின்றன, அடிப்பக்கத்துச் சிறு கிளைகள் சில நாள் கழித்துப் பூக்கின்றன. நுனி மணிகள் கனத்து நிற்கும். பதரும் அரைமணியும் அடியில்தான் அதிகம். பின்னால் பூத்ததற்குச் சத்து போதவில்லை என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடிமணிகளில் முதல் சில நாட்களிலேயே செல் பிரிவு மந்தமாக இருக்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இடமே குறைவாகக் கட்டப்பட்டிருந்தால், பின்னால் எவ்வளவு உரம் போட்டு என்ன பயன்?

எந்த மரபணு, எந்த மணிக்கு

இந்தத் துறையில் இந்தியாவுக்குப் பெருமையான ஒரு பழைய வரலாறு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஷ்வரி தாவரக் கருவியலுக்கென்றே ஒரு பெரிய ஆய்வு மரபை உருவாக்கினார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி அவர் 1950-ல் எழுதிய நூல் பல நாடுகளில் பாடநூலாக இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி.ஜி.எல். சுவாமியும் இதே துறைக்காரர். கன்னட வாசகர்கள் அவரை எழுத்தாளராகக் கொண்டாடுகிறார்கள். சென்னையில் அவர் பெயர் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? மெல்லிய சீவல்களாகச் சூலை அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் உருவத்தைப் பார்த்து வரைந்தவர்கள் அவர்கள். எந்த நாளில் என்ன வடிவம் என்பதை அப்படித்தான் கண்டார்கள். ஏன் அந்த நாளில் அந்த வடிவம் என்ற கேள்விக்கு, மரபணுக்களைப் படிக்கத் தெரிய வேண்டியிருந்தது.

நெல்லின் மரபணுத்தொகுதி 2005-ல் துல்லியமாகப் படித்து முடிக்கப்பட்டது. பல நாடுகள் சேர்ந்து செய்த வேலை. பதினோராவது குரோமோசோமில் இந்திய ஆய்வாளர்களுக்குப் பங்கு இருந்தது. அப்போது கணக்கிடப்பட்ட மரபணுக்கள் 37,544. வேரிலும் இலையிலும் கருவூணிலும் இருப்பது இதே மரபணுக்கள்தான். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வேர் வேராகிறது, மணி மணியாகிறது. விழித்த மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எழுதுகிறது. ஒரு திசுவில் எந்தெந்த நகல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மரபணு வெளிப்பாடு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

சொல்ல எளிது. கருவுற்ற நெல் அண்டம் உமிக்குள், சூற்பைக்குள், சூலுக்குள் புதைந்து கிடக்கும் ஒற்றைச் செல். சூற்பையை நீர்மத்தில் வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் மெல்ல அழுத்தி, மிதந்து வரும் அந்த ஒற்றைச் செல்லைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த பூ, அடுத்த செல். பொறுமையின் எல்லை இது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் மகரந்தம் விழுந்த 2.5, 5, 9 மணி நேரத்தில் இப்படிச் செல்களை எடுத்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவுற்ற சில மணி நேரத்திலேயே, அந்தச் செல் முதன்முறை பிரிவதற்கு முன்பே, புதிய மரபணுக்கள் பெரும் எண்ணிக்கையில் விழிக்கின்றன. அந்த முதல் கட்டத்தில் பேசுவது பெரும்பாலும் தாயின் பிரதிகள். தந்தையிடமிருந்து வந்தவற்றில் வெகு சிலவே வாய் திறக்கின்றன. அந்த வெகு சிலவற்றில் ஒன்றுக்குப் பின்னால் வருவோம்.

கருவூணின் பக்கம் அலையலையாக மாற்றம் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் விழித்திருப்பவை உட்கருவைப் பிரிக்கும் மரபணுக்களும், அவற்றை ஆளும் கட்டுப்பாட்டு மரபணுக்களும். சுவர் எழும்பியதும் அவற்றில் பல அடங்குகின்றன. ஐந்தாறு நாளில் மாவும் புரதமும் சேர்க்கும் மரபணுக்கள் எழுகின்றன. அரிசி உதிரியாக வேகுமா, குழையுமா என்று தீர்மானிக்கும் அமைலோஸ் அளவை நிர்ணயிக்கும் மரபணுவும் இந்த இரண்டாம் அலையில்தான் வருகிறது. சமையலறை அறிந்த குணமெல்லாம் இரண்டாம் அலை. மகசூலின் அடித்தளம் முதல் அலை.

இரண்டு அலைகளுக்கும் நடுவே சர்க்கரை உள்ளே நுழையும் வாசல் ஒன்று இருக்கிறது. இலையில் உருவான சுக்ரோஸ் மணியின் வாசலில் உடைக்கப்பட்டால்தான் இளம் கருவூண் அதை உறிஞ்ச முடியும். அதை உடைக்கும் இன்வெர்டேஸ் நொதி பழுதான மக்காச்சோள ரகம் ஒன்று நெடுங்காலமாகத் தெரிந்ததுதான்; அதன் மணி இயல்பான எடையில் கால்பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். 1996-ல் அமெரிக்காவில் பிரேம் சௌரி குழு காரணம் இந்த நொதியே என்று உறுதி செய்தது. நெல்லில் இதே வேலையைச் செய்யும் ஜிஃப்1 என்ற மரபணுவை 2008-ல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். காட்டு நெல்லில் அது பரவலாக விழித்திருக்கிறது. பயிர் நெல்லில் சத்துக்குழாய் வந்து சேரும் இடத்தில் மட்டும் ஒடுங்கியிருக்கிறது. கனத்த கதிரைத் தேர்ந்து விதைக்கு எடுத்து வைத்த பழங்கால உழவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே ஒரு மரபணு எங்கே விழிக்க வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தாய் இரண்டு, தந்தை ஒன்று

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி கெர்மிகிள் மக்காச்சோள மணியின் ஊதா நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆர் என்ற ஒரே மரபணு தாய் வழியாக வந்தால் மணி முழுக்க ஊதா. அதே மரபணு தந்தை வழியாக வந்தால் திட்டுத்திட்டாக ஊதா. தாய் இரண்டு பிரதி தருகிறாள், தந்தை ஒன்றுதான் தருகிறான், அதனால் சாயம் குறைந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கெர்மிகிள் தந்தை வழியாக இரண்டு பிரதி போய்ச் சேரும்படி செய்து பார்த்தார். அப்போதும் திட்டுதான். எண்ணிக்கையில் விஷயம் இல்லை. மரபணு எந்த வழியாக வந்தது என்பது அதன் மேல் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. 1970-ல் வெளியான இந்த முடிவு, பாலூட்டிகளில் இதே விஷயம் வெளிப்பட 14 ஆண்டுகளுக்கு முந்தையது. மருத்துவ நூல்கள் எலியிலிருந்து கதையைத் தொடங்கும், தொடங்கியது சோளக்கொண்டையில்.

முத்திரை என்பது பெரும்பாலும் டி.என்.ஏ. மீது ஒட்டும் மீதைல் என்ற சிறு வேதிக்கூறு. எழுத்து மாறுவதில்லை, அது படிக்கப்படுமா, மாட்டாதா என்பது மாறுகிறது. நெல் கருவூணில் இப்படி முத்திரையிடப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருப்பதாகத் தெரியவந்துள்ளது. சில தாய் வழி மட்டும் விழிக்கும், சில தந்தை வழி மட்டும்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? 1989-ல் டேவிட் ஹேய்க், மார்க் வெஸ்டோபி இருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். தாய்க்குத் தன் எல்லா விதையும் ஒன்றே. சத்தைப் பங்கிட்டுத்தான் தருவாள். ஒரு செடியில் பல தந்தையரின் மகரந்தம் விழும்போது, ஒவ்வொரு தந்தையின் மரபணுவுக்கும் தன் விதை மட்டும் கொழுக்க வேண்டும். எனவே தந்தை வழி மரபணுக்கள் கருவூணைப் பெருக்கத் தூண்டும், தாய் வழி மரபணுக்கள் பிடித்திழுக்கும். குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றிச் செய்த கலப்புகள் இதற்கு ஒத்துவருகின்றன. தாயின் பங்கு கூடினால் சுவர் சீக்கிரம் எழும்பி மணி சிறுக்கிறது. தந்தையின் பங்கு கூடினால் சுவர் தள்ளிப்போகிறது. 1984-ல் லின் என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்தில் விதவிதமான விகிதங்களை உண்டாக்கிப் பார்த்தார். தாய்க்கு இரண்டு, தந்தைக்கு ஒன்று என்ற கணக்கு நிலைத்த இடத்தில் மட்டுமே மணி ஒழுங்காக விளைந்தது. இந்த 2:1 கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறு. பயிர் நெல்லில் தாயும் தந்தையும் பெரும்பாலும் ஒரே செடி. சண்டை போட இன்று காரணமே இல்லை. அயல் மகரந்தத்தை ஏற்ற மூதாதைகளின் காலத்து வழக்கை, அதை மறந்துவிட்ட வாரிசுகள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வெக்கை நுழையும் இடம்

பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பதராகிறது என்பது பழைய செய்தி. அதற்கு ஒரு தந்திரமும் கைவசம் இருக்கிறது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் விடிகாலையிலேயே பூத்துவிடும். அதன் மரபணுப் பகுதி ஒன்றைப் பயிர் நெல்லுக்கு மாற்றி, வெயில் ஏறும் முன்பே பூக்கும் வரிசைகளைப் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள்.

அதைத் தாண்டிக் கருவுற்ற மணிக்கு ஆபத்து தீர்ந்துவிட்டதா என்பதுதான் அதிகம் பேசப்படாத கேள்வி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஹர்கமல் வாலியா குழு, கருவுற்ற முதல் இரண்டு நாட்களில் மட்டும் நெல்லை வெப்பத்தில் வைத்துப் பார்த்தது. 2014-ல் வெளியான முடிவு: மிதமான வெப்பத்தில் சுவர் நேரத்துக்கு முன்பே எழும்பி, மணி சிறுத்துவிடுகிறது. கடுமையான வெப்பத்தில் வளர்ச்சி சிதைந்து மணி அழிகிறது. பிறகு செடியைக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோனாலும் இழந்தது திரும்புவதில்லை. சம்பந்தப்பட்ட மரபணு, ஃபை1 என்ற தாய் வழி முத்திரை மரபணு. வெப்பம் அதன் முத்திரையையே குலைக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, மேட்ஸ்87 என்ற இன்னொரு மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கிய செடிகளில் மணி சிறிதாக இருந்தாலும் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையவில்லை என்று அதே குழு காட்டியது. பெரிய மணியும் வெப்பம் தாங்கும் மணியும் ஒரே வரத்தில் கிடைக்காது போலும்.

இரவு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணைத் தரவுகளை வைத்து 2004-ல் வெளியிட்ட கட்டுரை, கோடைப்பட்டத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்தது என்று சொன்னது. மாவு சேரும் நாட்களிலும் வெப்பம் சும்மா இருப்பதில்லை. மாவை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கி, மாவைச் சிதைக்கும் நொதியின் மரபணு எழுகிறது. மணிக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு விழுகிறது. அந்த அரிசி மில்லில் நொய்யாக உடையும். 2023 கோடையில் ஜப்பானின் நீகாட்டாவில், ஊர்ப் பெருமையான கோஷிஹிகாரி அரிசியில் முதல்தரம் என்று தேறியது சொற்பம்.

நம் டெல்டாவில் குறுவை பூப்பது ஆவணியை ஒட்டிய வெக்கையில். நவரை பூப்பது பங்குனி வெயிலை எதிர்நோக்கி. பயிர்க் காப்பீட்டுக் கணக்கில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடமிருக்கிறது. கருவுற்ற மறுநாள் வீசிய வெக்கையால் எடை குறைந்த மணியைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. விளைச்சல் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லி மூட்டை கட்டிவிடுவோம். பட்டம் முன்பின் ஆவதற்கு மேட்டூர் திறப்பை மட்டும் பார்க்காமல், பூக்கும் வாரமும் அடுத்த ஐந்து நாளும் எந்தத் தேதியில் விழும் என்று கணக்கிட்டு நடவுக்குச் சிபாரிசு செய்வது செலவில்லாத காரியம். அதைச் செய்யாமலிருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

தந்தையின் ஒரு மரபணு

முதல் மணி நேரங்களில் வாய் திறக்கும் வெகு சில தந்தை வழி மரபணுக்களில் ஒன்று பேபி பூம்1. கடுகு வகைப் பயிர் ஒன்றில் 2002-ல் முதலில் அறியப்பட்ட மரபணுக் குடும்பம் இது. இலையில் விழிக்க வைத்தால் இலை மேலேயே கரு முளைக்கும் அளவுக்கு வீரியமானது. நெல் அண்ட செல்லில் அது தூங்குகிறது. ஆண் செல்லோடு வந்த பிரதிதான் கருவுற்றதும் முதலில் விழிக்கிறது. கரு தானாக வளரத் தொடங்காமல் தந்தைக்காகக் காத்திருப்பதன் காரணம் இதுதானோ?

சுந்தரேசனும் இம்தியாஸ் காந்தேயும் அந்த மரபணுவை அண்ட செல்லிலேயே விழிக்க வைத்தார்கள். கருவுறாமலே கரு வளர்ந்தது. ஆனால் அந்தக் கருவில் தாயின் பாதிக் குரோமோசோம்கள்தான் இருக்கும். அண்ட செல் உருவாகும்போதே குரோமோசோம்கள் கலைந்து பாதியாகிவிடுகின்றனவே. கலையாமலும் பாதியாகாமலும் அண்ட செல்லை உருவாக்கும் வழிக்கு, அதற்கு முன்பே இரண்டு இடங்களிலிருந்து விடை வந்திருந்தது. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் இம்ரான் சித்திக்கியோடு மருதாசலம் ரவி, மோகன் மாரிமுத்து ஆகியோர் 2008-ல் டயட் என்ற ஒற்றை மரபணு பழுதானால் இப்படி நடக்கும் என்று ஒரு சிறு களைச்செடியில் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பிரான்சில் ரஃபேல் மெர்சியே குழு மூன்று மரபணுக்களைச் சேர்த்து முடக்கி இன்னும் உறுதியான வழி கண்டது. அந்த வழி நெல்லிலும் வேலை செய்தது.

இரண்டையும் சேர்த்தால்? விதை மூலமாகவே தாயின் அச்சுப் பிரதி. 2018 டிசம்பரில் இது நேச்சர் இதழில் வந்தபோது, விதைகளில் பிரதியானவை கொஞ்சம்தான். 2022-ல் பிரெஞ்சு நிறுவனமான சிராட்டின் ஆய்வாளர்களும் டேவிஸ் குழுவும் சேர்ந்து, வணிகரீதியான ஒரு வீரிய ஒட்டு நெல்லில் 95 சதவீதத்துக்கு மேல் பிரதி விதைகளைக் காட்டினார்கள்.

கருவுக்குத் தந்தை தேவையில்லை என்றானாலும் கருவூண் விடவில்லை. அதற்கு இன்னும் மகரந்தம் வேண்டும். நல்லவேளையாக இங்கே ஒரு கணக்கு தப்பாமல் நிற்கிறது. இந்தச் செடிகளில் தாய்ப் பக்கமும் தந்தைப் பக்கமும் பாதியாகாத முழுக் குரோமோசோம்களைத் தருகின்றன. மைய செல்லிலிருந்து நான்கு பங்கு, ஆண் செல்லிலிருந்து இரண்டு பங்கு. நான்குக்கு இரண்டு என்றாலும் அதே 2:1. லின் கண்ட விகிதம் கெடாததால் மணி விளைகிறது. மகரந்தமே இல்லாமல் கருவூணையும் எழுப்ப முடியுமா என்ற முயற்சியும் நடக்கிறது. ஈ.எம்.எஃப்.2ஏ என்ற முத்திரை மரபணுவை முடக்கினால் கருவூண் தானாகக் கிளம்புகிறது என்று ஜப்பானியக் குழு 2021-ல் காட்டியது. கிளம்புவது வேறு, விளைவது வேறு. சோற்றுக்கு ஆகும் மணி அதில் இன்னும் கிடைக்கவில்லை.

விதை யார் வீட்டில்?

இந்தியாவின் முதல் வீரிய ஒட்டு நெல் ரகங்கள் 1994-ல் வெளிவந்தன. அவற்றில் தமிழ்நாட்டின் ரகத்துக்கு எம்.ஜி.ஆர்.-1 என்று பெயர், கோ.ஆர்.எச்.1 என்பது அதன் பதிவுப் பெயர். இரண்டு வெவ்வேறு பெற்றோரின் கலப்பால் வரும் வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அறுத்த நெல்லை விதைத்தால் வயலில் உயரமும் குட்டையுமாக, முன்னதும் பின்னதுமாகப் பூக்கும். அதனால் ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். சாதா விதையைப் போல எடைக்கு எடை பல மடங்கு விலை. சிறு விவசாயி வீரிய ஒட்டு நெல்லிடமிருந்து விலகி நிற்க அதுவும் ஒரு காரணம்.

பிரதி விதை வந்தால் அந்தக் கட்டாயம் போய்விடும். பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ன் 39-வது பிரிவு, விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. வீரிய ஒட்டு ரகங்களைப் பொறுத்தவரை இதுவரை அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தது. இயற்கையே தடுத்தது, சட்டம் தடுக்க வேண்டிய தேவை எழவில்லை. இயற்கை வழிவிட்டால் நிறுவனங்கள் காப்புரிமையின் பக்கம் திரும்பும் என்பதை யூகிக்க ஜோசியம் தேவையில்லை. மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் கருவிக்கே காப்புரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. வெளி மரபணு சேர்க்காத திருத்தங்களுக்கு 2022-ல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த வழியில்தான் 2025 மே மாதம் கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ்-1 என்ற இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. மூன்று மரபணுக்களை முடக்குவது இந்த விலக்குக்குள் அடங்கலாம். அண்ட செல்லில் பேபி பூம்1-ஐ எழுப்ப இதுவரை வெளியிலிருந்து ஒரு மரபணுத் தொடரைச் செருகத்தான் வேண்டியிருந்தது. அது மரபணு மாற்றப் பயிர் என்ற கணக்கில் வரும். டி.எம்.எச்.11 என்ற மரபணு மாற்றக் கடுகு 2022-ல் அனுமதி பெற்றும் உச்ச நீதிமன்றத்தில் நிற்பதைப் பார்த்தால், அந்த வழி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஒரு முறை விற்றால் தீர்ந்துபோகும் விதையில் தனியார் நிறுவனத்துக்கு லாபம் இல்லை. ஆகவே இதை யாராவது வயலுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் இருப்பது போன்ற பொது ஆராய்ச்சி நிலையங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. வீரிய ஒட்டு ரகத்தை உருவாக்கிய அனுபவம் அவற்றிடம் இருக்கிறது. பிரதியாகாத சொச்ச விதை வயலில் என்ன செய்யும், வெக்கையான பட்டத்தில் மணி பிடிப்பு குறையுமா, பத்துத் தலைமுறைக்குப் பின்னும் ரகம் மாறாமல் நிற்குமா என்பதெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டியவை. அதில் ஐந்தாறு ஆண்டுகளாவது போகும்.

இடையில் இழப்பவர்களும் உண்டு. இந்தியாவின் வீரிய ஒட்டு நெல் விதையில் பெரும்பங்கு தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பகுதிகளில் உற்பத்தியாகிறது. ஆண் வரிசையும் பெண் வரிசையும் மாற்றி மாற்றி நட்டு, பூக்கும் நாட்களில் வயலின் இருபுறமும் ஆள் நின்று கயிற்றை இழுத்து, ஆண் வரிசையின் மகரந்தத்தைப் பெண் வரிசை மேல் உலுக்கி விடுவார்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை. சாதா நெல்லைவிடக் கூடுதல் வருமானம் தரும் ஒப்பந்த வேலை அது. பிரதி விதை பற்றி நான் படித்த கட்டுரைகளில் காப்புரிமை வருகிறது, பசி வருகிறது, காலநிலை வருகிறது. கயிறு இழுப்பவர்களைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.